மருந்துவாழ் மலையில் பனி பெய்தால்: ஒரு காகித லிஃப்ட் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

எங்கள் துறையில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பொருள் கையாளுதல் என்று ஒரு பாடம் உண்டு. கன்வேயர், கிரேன், ரோப்வே எல்லாம் அதில் வரும். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்து போகிற பாடம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போன வருடம் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு அதிலிருந்து சிறு திட்டம் ஒன்றை எடுத்தது. தலைப்பைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன்.

“சார், மருந்துவாழ் மலையில பனி பெய்யுதுன்னு வச்சிக்கிடுவோம். அங்க ஒரு ஸ்கீ ரிசார்ட்டுக்கு லிஃப்ட் எல்லாம் எங்கெங்க போடணும்னு வரைஞ்சு காட்டுதோம்.”

லிஃப்ட் என்றால் இங்கே கட்டடத்து லிஃப்ட் இல்லை. பனிச்சறுக்கு ஆடுகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் ஏற்பாடு. ஓடும் கயிற்றில் நாற்காலிகள் தொங்கினால் அது சேர்லிஃப்ட். பொற்றையடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் தலைக்கு மேலே நிற்கிற மலைதான் மருந்துவாழ் மலை. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. நாராயண குரு தவமிருந்த குகையும் அங்கேதான். நிலநடுக்கோட்டிலிருந்து எட்டே பாகை தள்ளி, கடலைப் பார்த்து நிற்கிற மலையில் பனி எங்கே பெய்ய? ஆனால் இவர்கள் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. குழுவில் ஒருவனுக்குக் குலசேகரம் பக்கம் வீடு, அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. அவனுடைய அண்ணன் கனடாவில் ஒரு ஸ்கீ ரிசார்ட்டில் ஆட்களை லிஃப்டில் ஏற்றிவிடுகிற வேலையில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்புகிற குரல் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் தம்பிக்கு இந்தப் பித்து பிடித்திருக்கிறது. மலை நமக்குத் தெரிந்தது, லிஃப்ட் அண்ணனுக்குத் தெரிந்தது. சரி, செய்யுங்கள் என்றேன். பனியைத் தவிர மற்றதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்.

அந்தத் திட்டம் எங்கே சறுக்கியது, எப்படித் திருத்தினார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாடிப்படியில் ஒரு சேர்லிஃப்ட்

வரைவதற்கு முன்னால் ஒரு மாதிரி செய்து பாருங்கள் என்று சொன்னேன். இரண்டு பழைய சைக்கிள் ரிம் கொண்டுவந்தார்கள். ஒன்றை இரண்டாம் மாடிக் கைப்பிடியில் கட்டினார்கள், இன்னொன்றைக் கீழே ஒரு ஸ்டூலில். இரண்டையும் சுற்றி ஒரு தேங்காய் நார்க் கயிறு. கயிற்றில் துணி கிளிப் மாட்டி, ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு தீப்பெட்டி. நாற்காலிகள் தயார். மேல் ரிம்மைக் கையால் சுற்றினால் ஒரு பக்கம் தீப்பெட்டி ஏற வேண்டும், மறுபக்கம் இறங்க வேண்டும்.

சுற்றினார்கள். ரிம் சுற்றியது, கயிறு நகரவில்லை. தொய்ந்த கயிறு வழுக்கிக்கொண்டே இருந்தது. அரைநாள் மல்லுக்கட்டிய பிறகு ஒருவன் ஒரு காரியம் செய்தான். கீழ் ரிம்மை ஒரு பலகையில் பொருத்தி, பலகை நகரும்படி விட்டு, அதன் பின்பக்கம் கயிறு கட்டி, அதை ஜன்னல் கம்பி மேலாகப் போட்டு ஒரு வாளி மணலைத் தொங்கவிட்டான். வாளி இழுக்க, பலகை பின்னால் போய் கயிறு விறைத்துக்கொண்டது. அப்புறம் ரிம் சுற்றியபோது கயிறும் சுற்றியது. பழைய சேர்லிஃப்ட்களின் கீழ் நிலையத்தில் குழிக்குள் தொங்கும் கான்கிரீட் எடை இதே வேலையைத்தான் பார்க்கிறது. இப்போது பெரும்பாலும் ஹைட்ராலிக் சிலிண்டர் வைக்கிறார்கள். வெயிலில் எஃகுக் கயிறு நீளும், குளிரில் சுருங்கும், ஆள் ஏறினால் தொய்யும். அத்தனைக்கும் ஈடுகொடுத்து ஒரே இழுவையில் வைத்திருக்க ஏதாவது ஒன்று பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து கயிறு சக்கரத்தை விட்டு எழும்பியது. கீழே சமதளமாக ஓடி, படி ஆரம்பிக்கிற இடத்தில் திடீரென்று மேலே திரும்புகிற கயிறு, அந்த மூலையில் தாங்கு சக்கரத்தை விட்டுக் கிளம்பிக் காற்றில் நின்றது. நியாயம்தானே, இரண்டு முனையிலும் இழுபடும் கயிறு நேர்க்கோட்டுக்குத்தான் ஆசைப்படும். மலை குழியும் இடத்தில் கயிற்றுக்குக் கீழே சக்கரம் வைத்தால் போதாது, மேலே வைத்து அமுக்க வேண்டும். ஸ்கீ மலைகளில் கோபுரங்களை உற்றுப் பார்த்தால் சிலதில் கயிறு சக்கரத்தின் மேலே ஓடும், சிலதில் அடியில் ஓடும். அந்த வித்தியாசம் இந்த மூலைதான்.

ஈத்தாமொழிப் பக்கத்துப் பையன் ஒருவன் கயிறு திரிக்கிற வீட்டில் பிறந்தவன். சுற்றுக்கயிற்றின் இரண்டு நுனியையும் முடிச்சுப் போட்டுச் சேர்த்திருந்ததைப் பார்த்து அவன் முகம் சுளித்தான். முடிச்சு சக்கரத்துக்கு வரும்போதெல்லாம் ‘டொக்’ என்று குதித்தது. அவன் முடிச்சை அவிழ்த்துப் பிரிகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, முடிச்சே தெரியாமல் இணைத்துக் கொடுத்தான். எஃகிலும் இதே வேலைதான். நடுவில் ஒரு மையம், அதைச் சுற்றி ஆறு பிரி. இரண்டு நுனிகளையும் நீளமாகப் பிரித்துக் கோக்கிறார்கள். இணைப்பின் நீளம் கயிற்றின் விட்டத்தைப் போல் 1,200 மடங்குக்குக் குறையக் கூடாது என்பது வழக்கம். 40 மில்லிமீட்டர் கயிறு என்றால் 48 மீட்டர். ஒரு தென்னைமரத்தைப் போல் இரண்டு பங்குக்கு மேல் நீளத்துக்கு இணைப்பு மட்டும்.

கிளிப் விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டே சுற்றுகிற கிளிப், நிலைப்பிடி நாற்காலி. கயிறு என்ன வேகமோ அதே வேகத்தில்தான் அது ஆளை வந்து இடிக்கும், அதனால் கயிற்றையே மெதுவாக ஓட்ட வேண்டும். நொடிக்கு இரண்டு, இரண்டரை மீட்டர். இன்னொரு வகை, நிலையத்துக்குள் வந்ததும் பிடியை விட்டுவிடும். நாற்காலி ஒரு தண்டவாளத்தில் ஏறி, டயர்கள் அதை நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு மெதுவாக்கி, ஆள் ஏறிய பிறகு மறுபடி கயிற்றின் வேகத்துக்குக் கொண்டுவந்து பிடிக்க வைக்கும். வெளியே கயிறு நொடிக்கு ஐந்து மீட்டரில் பறக்கலாம். பிள்ளைகள் இரண்டு மர ஸ்கேலைக் குறுகலாகச் சாய்த்துவைத்து, கிளிப்பின் வால் அதற்குள் நுழையும்போது அமுங்கித் திறக்கும்படி செய்தார்கள். திறந்தது. திரும்பப் பிடிக்கிற இடத்தில்தான் பத்தில் ஏழு தீப்பெட்டி படியில் உருண்டது. உண்மையான லிஃப்டில் பிடி சரியாக விழவில்லை என்று உணரி சொன்னால் லிஃப்டே நின்றுவிடும். இப்படிப் பிடிவிடும் நான்கு பேர் அதிவேக சேர்லிஃப்ட் முதன்முதலில் 1981-இல் அமெரிக்காவின் பிரெக்கன்ரிட்ஜில் ஓடியது.

வாழைக்குலையிலிருந்து வந்த நாற்காலி

மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. உலகின் முதல் சேர்லிஃப்ட் 1936 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற இடத்தில் ஓடத் தொடங்கியது. யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் கட்டிய ரிசார்ட். வடிவமைத்தவர் அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கரன். அவர் முன்பு வாழைக்குலைகளைக் கப்பலில் ஏற்றும் கன்வேயர் வேலை பார்த்தவர். ஓடும் கயிற்றில் கொக்கி, கொக்கியில் குலை. கொக்கியை எடுத்துவிட்டு ஒற்றை நாற்காலியை மாட்டினால் ஆள் ஏறலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஓடும் நாற்காலியில் மனிதன் எவ்வளவு வேகத்தில் அடிபடாமல் உட்கார முடியும் என்று தெரிய, ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, ரோலர் ஸ்கேட் போட்ட ஆளை நிறுத்திச் சோதித்துப் பார்த்தார்கள்.

பொருள் கையாளுதல் பாடத்துக்கு இதைவிட நல்ல கதை கிடையாது. குலையைக் கையாள்வதும் மனிதனைக் கையாள்வதும் ஒரே கணக்கு என்பது பின்னால் வரும் வரிசைக் கணக்கில் இன்னும் தெளிவாகும்.

மற்ற வகைகளை இவர்கள் அறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நான் பாதியை அடித்தேன். தேவையானது இவ்வளவுதான். தரையிலேயே இழுத்துக்கொண்டு போகிறவை ஒரு குடும்பம்: வெறும் கயிற்றைப் பிடித்துக்கொள்வது, தட்டு போன்ற பட்டனைத் தொடைக்கு இடையில் வைத்துக்கொள்வது, டி-பார் என்கிற தலைகீழான ‘டி’ வடிவக் கம்பியில் இரண்டு பேர் சாய்ந்துகொள்வது, அப்புறம் விமான நிலையத்துப் பெட்டிப் பட்டை போலத் தரையோடு ஓடும் கார்ப்பெட். இவற்றுக்கெல்லாம் மூத்தது 1908-இல் ஜெர்மனியின் கருங்காட்டில் ஒருவர் தண்ணீர் ஆலையின் விசையைக் கொண்டு ஓட்டிய இழுவை. வானத்தில் தொங்குகிறவை இன்னொரு குடும்பம்: நாற்காலி, மூடிய பெட்டியான கோண்டோலா, இரண்டே பெரிய பெட்டிகள் எதிரெதிராகப் போய்வரும் ட்ராம். தண்டவாளத்தில் கயிறு இழுப்பது மூன்றாவது. அதை நாம் பழநியில் விஞ்ச் என்கிறோம்.

இதில் கார்ப்பெட்டை யாரும் மதிப்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற லிஃப்ட் என்று ஒரு இளக்காரம். ஆனால் அண்ணன் அனுப்பிய பதிவில் இப்படி இருந்தது: “கேட்டியா மக்கா, இஞ்ச ரிசார்ட்டுக்கு அடுத்த வருசம் ஆளு வரணும்னா இந்த வருசம் கார்ப்பெட்டுல ஏறுனவன் சந்தோசமா வீட்டுக்குப் போணும். அவன் முதல் நாளே சேர்லிஃப்டுல விழுந்து எந்திச்சாம்னா பிறகு திரும்பியே பாக்கமாட்டான்.” எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

முதல் வரைபடம்

முதலில் வந்த வரைபடம் ரொம்ப அழகு. பொற்றையடி நெடுஞ்சாலை ஓரத்தில் கார் நிறுத்தம். அங்கிருந்து உச்சி வரை ஒரே வீச்சில் பத்துப் பேர் உட்காரும் கோண்டோலா. 12 நொடிக்கு ஒரு பெட்டி, ஆக மணிக்கு 3,000 பேர். உச்சியிலிருந்து எல்லாப் பக்கமும் சறுக்குப் பாதைகள் கோலம் போட்டதுபோல இறங்கி, கடைசியில் எல்லாம் அதே கார் நிறுத்தத்தில் வந்து முடிந்தன.

வரைபடத்தைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினார்கள். அவர் தூங்கி எழுந்து பதில் அனுப்ப ஒரு நாள் ஆயிற்று. பதில் இரண்டு நிமிடக் குரல் பதிவு. அதில் முதல் அரை நிமிடம் சிரிப்பு.

அவர் சொன்ன குறைகளை நான் என் மொழியில் சொல்கிறேன். எந்தப் பாதையில் சறுக்கினாலும் ஆள் அடிவாரத்துக்கே வந்துவிடுகிறார். புதிதாக வருகிறவரும், பத்தாவது சுற்று போகிறவரும், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வெளியில் வரிசை பெருத்துக்கொண்டே போக, மலையின் மேல் பாதி காலியாகக் கிடக்கும். அடுத்தது, புதிதாகக் கற்கிறவரையும் லிஃப்ட் உச்சிக்கே கொண்டுபோய் விடுகிறது. அங்கே நின்று கீழே பார்த்தால் அவருக்கு அழுகைதான் வரும். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது. “ஒரே லிஃப்ட் வச்சிருக்கீங்க. காத்தடிச்சா என்ன செய்வீங்க? ரிசார்ட்டப் பூட்டிட்டு வீட்டுக்குப் போவீங்களா?”

பிள்ளைகள் முதல் குறைக்கு உடனே ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். வரிசை நீண்டால் வேகமான லிஃப்ட் போட்டுவிடலாம் என்றார்கள். இங்கேதான் அவர்களைப் பிடித்து உட்கார வைத்தேன்.

760 பேர் எங்கே போவார்கள்?

நான்கு பேர் உட்காரும் நாற்காலி. ஏறுமிடத்துக்கு ஆறு நொடிக்கு ஒன்று வருகிறது. ஒரு மணிக்கு 600 நாற்காலி, 2,400 பேர், நிமிடத்துக்கு 40. இந்தக் கணக்கில் கயிற்றின் வேகம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. மனிதர்கள் நகர்ந்து வந்து, திரும்பிப் பார்த்து, உட்கார ஆறு நொடி தேவைப்படுகிறது. அதற்குக் குறைத்தால் விழுவார்கள். லிஃப்டின் கொள்திறனை முடிவு செய்வது அந்த ஆறு நொடி.

கயிறு நொடிக்கு 2.5 மீட்டர் ஓடினால் நாற்காலிகள் 15 மீட்டர் இடைவெளியில் தொங்கும். 5 மீட்டர் ஓடினால் 30 மீட்டர் இடைவெளி. 900 மீட்டர் நீள லிஃப்டுக்கு ஏறவும் இறங்கவும் சேர்த்து மெதுவானதில் 120 நாற்காலி வேண்டும், வேகமானதில் 60 போதும். இரண்டும் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது நிமிடத்துக்கு அதே 40 பேரைத்தான்.

“அப்ப வரிசை அப்படியேதானே சார் இருக்கும்?” என்றான் ஒருவன். அப்படியே இருந்தால் பரவாயில்லை, கூடிவிடும்.

கரும்பலகையில் போட்டோம். மெதுவான லிஃப்டில் ஏற 6 நிமிடம். சறுக்கி இறங்க 8 நிமிடம். வரிசையில் 5 நிமிடம். ஒரு சுற்றுக்கு 19 நிமிடம். நிமிடத்துக்கு 40 பேர் என்றால் இந்தச் சுற்றில் எந்த நேரமும் 760 பேர் இருக்கிறார்கள். கயிற்றில் 240, சரிவில் 320, வரிசையில் 200. இப்போது லிஃப்டை மாற்றி வேகமானது போடுகிறோம். ஏற 3 நிமிடம்தான், ஆகவே கயிற்றில் 120 பேர். சரிவில் அதே 320. அதே 760 பேர் மலையில் இருக்கிறார்கள் என்றால் மிச்சம்? வரிசையில் 320 பேர். காத்திருப்பு 5 நிமிடத்திலிருந்து 8 நிமிடமாகிவிட்டது. மொத்தச் சுற்று அதே 19 நிமிடம். முன்பு நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்த்த மூன்று நிமிடத்தை இப்போது ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து வரிசையை நீட்ட முடியும் என்பது எளிதில் ஒப்புக்கொள்கிற செய்தி இல்லை.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? காரணங்கள் உண்டு. ஏறுமிடத்தில் நாற்காலி மெதுவாக வருவதால் ஆட்கள் விழுவது குறைகிறது, அதனால் லிஃப்ட் நிற்பது குறைகிறது. நிலைப்பிடி லிஃப்டில் காகிதத்தில் 2,400 என்று இருந்தாலும், ஒருவர் விழுந்து லிஃப்டை நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் அந்த எண் இறங்கும். இரண்டு கி.மீ. நீள லிஃப்டில் 13 நிமிடம் உறைபனியில் உட்காருவதையும் யாரும் விரும்பமாட்டார்கள். ஆறு பேர் நாற்காலி போட்டால் அதே ஆறு நொடிக்கு மணிக்கு 3,600 பேர், அப்போது வரிசை நிஜமாகவே குறையும். ஆனால் அத்தனை பேரும் எட்டு நிமிடம் சரிவில் இருப்பார்கள், அதாவது 320 இருந்த இடத்தில் 480. சரிவை அகலப்படுத்த மரம் வெட்ட வேண்டும். வரிசையைக் குறைத்தால் நெரிசல் சரிவுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அண்ணனின் வேலையும் அந்த ஆறு நொடிக்குள்தான். நிலைப்பிடி நாற்காலி வந்து கெண்டைக்காலில் இடிக்காமல் இருக்க, அவர் ஒவ்வொரு நாற்காலியையும் கையால் பிடித்து, அரை நொடி பின்னுக்கு இழுத்து, உட்கார்ந்ததும் விடுகிறார். விடியுமுன்பு நெற்றி விளக்கோடு போய், நாற்காலிகளில் உறைந்திருக்கும் பனியைத் துடைப்பத்தால் தட்டுவதில் தொடங்குகிறது அவர் நாள். “அப்பா பால் வெட்டப் போறதும் இதே லைட்ட வச்சுத்தான்” என்றான் தம்பி. வரிசையில் மூன்று பேர் குழு வந்தால் நான்காவது இருக்கை வெறுமனே மேலே போகும். அதை நிரப்பத்தான் தனியாக வந்தவர்களுக்கு என்று பக்கத்தில் ஒரு வரிசை. அந்த வரிசையைச் சரியாக நடத்தினால், ஒரு பைசா செலவில்லாமல் லிஃப்டின் கொள்திறன் கூடுகிறது.

படகுத்துறைக்கு ஒரு நடை

ட்ராம் வகையைப் புரியவைக்க வேறு எங்கும் போக வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை எல்லோரும் கன்னியாகுமரிப் படகுத்துறைக்குப் போனோம். படகில் 150 பேர். ஏறி, போய், இறக்கி, ஏற்றி, திரும்பி வர அரை மணி என்று வைத்துக்கொண்டால் ஒரு படகு மணிக்கு 300 பேரைக் கொண்டுபோகும். பாறை இன்னும் தூரத்தில் இருந்து, ஒரு மணி நேரம் ஆனால் 150 பேர்தான். தூரம் கூடினால் கொள்திறன் குறைகிறது. இரண்டு பெட்டி ட்ராமும் இப்படியே. உத்தராகண்டில் ஜோஷிமட்டிலிருந்து ஔலி ஸ்கீ சரிவுக்கு 2023 ஜனவரி வரை ஓடிய ட்ராம் சுமார் நான்கு கி.மீ., பெட்டிக்கு 25 பேர். ஒரு வழிக்கு 20 நிமிடம் என்றாலே மணிக்கு 75 பேர்தான். சுற்றிக்கொண்டே இருக்கும் நாற்காலிக்கும் கோண்டோலாவுக்கும் இந்தக் கவலை இல்லை. கயிற்றின் நீளம் கூடினால் பெட்டியின் எண்ணிக்கையும் கூடும், மணிக்கு எத்தனை பேர் என்பது மாறாது. ட்ராமுக்குச் சாதகமான இடம், நடுவில் கோபுரம் நட முடியாத செங்குத்துப் பாறை. பள்ளத்தாக்கைத் தாண்ட அதுபோல ஒன்று கிடையாது.

துறையில் நின்றபடியே கண்ணாடிப் பாலத்தைப் பார்த்தோம். 77 மீட்டர் பாலம், 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. அதற்கு முன்பு விவேகானந்தர் பாறையில் இருப்பவர் திருவள்ளுவர் சிலைக்குப் போக மறுபடி படகு ஏற வேண்டும். கடல் உள்வாங்கினால் சிலைக்குப் படகே கிடையாது. இப்போது மேலேயே நடந்து போய்விடலாம். கனடாவின் விஸ்லரிலும் பிளாக்கோமிலும் இருந்ததும் இதே சிக்கல். பக்கத்துப் பக்கத்து மலைகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகக் கிராமம் வரை இறங்கி ஏற வேண்டும். 2008-இல் இரண்டு மலைக்கும் இடையே மேலேயே ஒரு கோண்டோலா போட்டார்கள். 4.4 கி.மீ. நீளம், அதில் மூன்று கி.மீ.க்கு மேல் நடுவில் ஒரு கோபுரம்கூட இல்லை. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 436 மீட்டர் உயரத்தில் பெட்டி போகிறது, கடக்க 11 நிமிடம். அந்த லிஃப்ட் யாரையும் உயரத்துக்கு ஏற்றவில்லை. இருந்தாலும் கீழே இறங்கி மறுபடி வரிசையில் நிற்க வேண்டிய ஒரு கூட்டத்தை மேலேயே திருப்பிவிடுகிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் வரைபடத்தில் எங்கே தப்பு என்று தாங்களே பிடித்துக்கொண்டார்கள். ஏறத்தாழ ஓடியே பஸ் ஏறினார்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்று

காற்றைப் பற்றி நம் மாவட்டத்துக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில் ஸ்கூட்டர் ஓட்டினவனுக்குத் தெரியும், வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடியேதான் நேராகப் போகும்.

தொங்குகிற நாற்காலிக்கு எதிர்க்காற்றை விடப் பக்கக்காற்று மோசம். காலி நாற்காலி இன்னும் மோசம், எடை இல்லாமல் ஆடிக் கோபுரத்தில் இடிக்கும். பொதுவாக மணிக்கு 60, 70 கி.மீ.யை நெருங்கும்போதே மெதுவாக்கி நிறுத்திவிடுகிறார்கள். இதற்கு மாற்றாக, பெட்டியை ஒன்றுக்கொன்று விலகி ஓடும் இரண்டு கயிற்றில் பிடிக்கும் ஃபியூனிடெல் என்ற வகை உண்டு, ஆட்டம் குறைவு, விலை அதிகம். ஏழை ரிசார்ட்டின் மருந்து வேறு. முகட்டில் டி-பார். ஆள் தரையிலேயே நிற்பதால் காற்று அவரை ஒன்றும் செய்யாது. டி-பாரைப் பழசு என்று கழித்துக்கட்டின இடங்களில் காற்றுள்ள நாளில் உச்சி பூட்டிக் கிடக்கிறது.

காஷ்மீரின் குல்மார்க்கில் கோண்டோலாவை இரண்டு கட்டமாகப் போட்டிருப்பதை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். குல்மார்க்கிலிருந்து கோங்டூரி வரை ஒன்று, 1998. அங்கிருந்து 3,900 மீட்டருக்கு மேலே அஃபர்வாட் வரை இன்னொன்று, 2005. ஆறு பேர் பெட்டி, மணிக்கு 600 பேர் என்கிற திறனுக்கு 36 நொடிக்கு ஒரு பெட்டி. மேலே காற்று அடித்தால் மேல் கட்டம் நிற்கும், கீழ்க் கட்டம் ஓடலாம். ஒரே கயிறாக இருந்தால் அந்த வசதி இல்லை. காற்றின் ஆபத்து பெட்டி ஆடுவதோடு முடிவதும் இல்லை. 2017 ஜூனில் அங்கே பலத்த காற்றில் பைன் மரம் ஒன்று கயிற்றுப் பாதைமேல் சாய்ந்து, பெட்டி கீழே விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். கயிற்றுப் பாதைக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு தூரத்துக்கு மரம் இருக்கலாம் என்பதும் வரைபடத்தில் சேர்ந்ததுதான் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்.

இரண்டாம் வரைபடம்

இரண்டாவது வரைபடம் பார்க்க அவ்வளவு அழகாக இல்லை. எனக்கு அதுவே நல்ல அறிகுறியாகப் பட்டது.

அடிவாரத்தில், போக்குவரத்துப் பாதையிலிருந்து விலகி, வேலி போட்டு இரண்டு கார்ப்பெட். மேலிருந்து வேகமாக வருகிறவர் அந்த இடத்துக்குள் வரவே முடியாது. பழைய கோண்டோலா பாதி உயரத்தோடு நின்றுவிட்டது, பெட்டியும் எட்டுப் பேராகக் குறைந்தது. காலையில் ஒன்றரை மணி நேரத்தில் வருகிற கூட்டத்தை மேலே ஏற்றிவிட்டால் அதன் பெரிய வேலை முடிந்தது. 2,000 பேர் வந்தால் மணிக்கு 1,500 போதும், 80 நிமிடத்தில் எல்லோரும் மேலே. எட்டுப் பேர் பெட்டி 19 நொடிக்கு ஒன்று வந்தால் இந்த எண் கிடைக்கிறது. இடைத்தளத்திலிருந்து இரண்டு லிஃப்ட் விசிறிபோலப் பிரிகின்றன. ஒன்று 900 மீட்டர் நிலைப்பிடி, நான்கு பேர். நம்முடைய 760 பேர் கணக்கு இதுதான், அதை வேகமானதாக மாற்ற யாரும் இப்போது கேட்கவில்லை. இன்னொன்று முகடு வரை டி-பார். இரண்டின் சரிவுகளும் இடைத்தளத்திலேயே முடிகின்றன. மேலே சுற்றுகிறவர் மேலேயே சுற்றலாம், சாயங்காலம்தான் கார் நிறுத்தத்தைப் பார்ப்பார்.

நான் இரண்டு இடத்தில் பேனா வைத்தேன். சாயங்காலம் மூன்றரைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கும் பாதை மாட்டுவண்டித் தடம் அளவுக்கு ஒடுக்கமாக இருந்தது. கோண்டோலாவில் இறங்கவும் விட வேண்டும், அதற்கு இடைத்தளத்தில் இறங்குவோர் வரிசைக்கு இடம் வேண்டும் என்றேன். இரண்டாவது, மூன்று லிஃப்டுக்கும் மோட்டாரை எங்கே வைப்பது என்று எழுதவே இல்லை. மேலே வைத்தால் ஏறும் பக்கத்துச் சுமையை நேரடியாக இழுக்கலாம், கயிற்றுக்கு நல்லது. கீழே வைத்தால் மின்சாரம், டீசல், ரிப்பேர் ஆள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். நால்வர் மேலே என்றார்கள். பால்வெட்டுக்காரர் மகன் மட்டும் கீழே என்றான். “ராத்திரி ரெண்டு மணிக்குப் பனியில மேல ஏறிப் போய்ச் சரி பண்ணுறது யாரு சார்? எங்க அண்ணந்தான்.” கீழே என்று முடிவாயிற்று.

மதிப்பீட்டுக்கு வந்த வெளித் தேர்வாளர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். பனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார்ப்பெட்டுக்கு ஏன் வேலி, மூன்று பேர் குழு வந்தால் நான்காவது இருக்கை என்ன ஆகும் என்று இரண்டே கேள்வி. மாடிப்படியில் தொங்கிய வாளியைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லப் போய் யார் சொன்னதும் கேட்கவில்லை.

இந்த வருடக் குழுவுக்கு ஸ்கீயில் ஆர்வம் இல்லை. பாலம் வந்த பிறகு பாறையில் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் தங்குகிறார், அதனால் திரும்பும் படகு வரிசை கூடியதா குறைந்ததா என்று எண்ணப் போகிறார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, முதல் படகுக்கு முன்னால் துறையில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆறு பேரில் யாருக்கு வாட்ச் இருக்கிறது என்று கேட்டால், எல்லோரும் செல்போனைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.